மேசைவாளின் வலப்பக்கம்

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிக்கறிங் பக்கங்களில் கராஜுக்குள் மரவேலை செய்யும் எங்கடை ஆட்கள் எல்லோருக்கும்,



போன மாதம் உங்களில் ஒருவருடைய கராஜுக்குப் போயிருந்தேன். புதிதாகப் பூட்டிய றவுட்டர் விங்கைக் காட்டத்தான் தம்பி கூப்பிட்டிருந்தார். நல்ல வடிவான வேலை. மேசைவாளின் வலப்பக்கத்தில் மேசையை நீட்டிவைத்திருந்த தகர விங்கைக் கழற்றிவிட்டு, தன் கையாலேயே ஒரு பலகை செய்து, அதன் நடுவில் அலுமினியத் தட்டை இறக்கி, அடியில் றவுட்டரைத் தொங்கவிட்டிருந்தார். தட்டுக்கும் பலகைக்கும் இடையில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் தட்டுப்படவில்லை. பிறகு ஓட்டிக் காட்டுவதற்காக ஒரு மேப்பிள் பலகையை எடுத்தார். வாளில் அறுக்கும்போது நிற்கும் அதே இடத்தில் நின்றார். மரத்தை அணைத்து ஓட்டும் ஃபென்ஸ், வெட்டும் பிட்டுக்கு இடப்பக்கத்தில் இருந்தது. பலகையை முன்னாலிருந்து பின்னுக்குத் தள்ளினார்.

பலகை நீளமானது, சீவியதும் கொஞ்சம்தான். அதனால் ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து தேத்தண்ணி வந்தது, வேறு இரண்டு பேரும் நின்றார்கள், நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இரவு நித்திரை வரவில்லை. விடிந்ததும் தம்பிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் சொன்ன பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது: "அண்ணை, எனக்குத் தெரிஞ்ச இன்னும் மூண்டு பேர் இப்பிடித்தான் செய்யினம்."

ஆகவே திசையை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

மேசைவாள் எங்கள் கைக்கு ஒரு பழக்கத்தை ஏற்றி வைத்திருக்கிறது. முன்னால் நில், பின்னுக்குத் தள்ளு. வாளின் மேற்பற்கள் எங்களை நோக்கி வருகின்றன, நாங்கள் அவற்றை எதிர்த்து மரத்தைக் கொடுக்கிறோம். அது சரி. றவுட்டரை மேசைக்கு அடியில் தலைகீழாகப் பூட்டினால், மேலிருந்து பார்க்கும்போது அதன் பிட் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். இப்போது வாளுக்கு முன்னால் நின்று வலப்பக்க விங்கைப் பாருங்கள். ஃபென்ஸ் பிட்டுக்கு இடப்பக்கம் இருந்தால், மரத்தைத் தொடுவது பிட்டின் வலப்பாதி. அந்தப் பாதியில் பற்கள் எங்களை விட்டு அப்பால் ஓடுகின்றன. நாங்களும் அப்பால்தான் தள்ளுகிறோம். இரண்டு பேரும் ஒரே திசை. பிட் மரத்தைச் சீவாமல் கவ்வி இழுக்கும். ஃபென்ஸிலிருந்தும் வெளியே தள்ளும். மரம் பறந்த பிறகு, அதைத் தள்ளிக்கொண்டிருந்த கைக்கு முன்னால் மிஞ்சுவது பிட் மட்டும்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஃபென்ஸைப் பிட்டுக்கு வலப்பக்கம் தள்ளி வையுங்கள். அப்போது பிட்டின் இடப்பாதி மரத்தைத் தொடும், அதன் பற்கள் எங்களை நோக்கி வரும், முன்னால் நின்று பின்னுக்குத் தள்ளலாம். அல்லது ஃபென்ஸ் இடப்பக்கத்திலேயே இருக்கட்டும், நீங்கள் இடம் மாறுங்கள். விங்கின் வலது நுனிக்குப் போய், வாளைப் பார்த்தபடி நில்லுங்கள். பிட் உங்களுக்கு முன்னால், ஃபென்ஸ் அதற்கு அப்பால். மரத்தை வலமிருந்து இடமாகக் கொடுங்கள். தனி றவுட்டர் மேசையில் எப்படி நிற்பீர்களோ, அப்படியே. எனக்கு இரண்டாவது வழிதான் விருப்பம், ஏனென்றால் இடம் மாறி நிற்கும்போது கை பழைய பழக்கத்தை விடுகிறது.

இரண்டிலும் பிட்டின் ஒரு பகுதி ஃபென்ஸுக்குள் மறைந்திருக்க வேண்டும். பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் மரத்தை ஒருபோதும் நுழைக்காதீர்கள். அது பொறி.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. விங் பூட்டிய முதல் மாதம், சாமித்தட்டுக்கு விளிம்பு உருட்டிக்கொண்டிருந்தேன். மேப்பிள், இரண்டு அங்குல அகலம், ஒன்றரை அடி நீளம். பிட் அரை அங்குல உருட்டு, ஒரே தடவையில் முழு ஆழம். ஃபென்ஸ் இடப்பக்கம், நான் முன்னால். மூன்று அங்குலம் போயிருக்கும். கையில் இருந்த மரத்தைக் காணவில்லை. வாளுக்கு அப்பால் கராஜ் கதவில் 'டங்' என்ற சத்தம் மட்டும் கேட்டது. வலக்கை தள்ளிய வேகத்திலேயே முன்னுக்குப் போய், தட்டின் விளிம்பில் ஊன்றி நின்றது. மோதிரவிரலுக்கும் பிட்டுக்கும் இடையில் ஒரு தீப்பெட்டி வைக்கலாம், அவ்வளவுதான். சுவிச் எனக்கு எட்டாத இடத்தில், றவுட்டரின் உடம்பிலேயே இருந்தது. குனிந்து அதை நிறுத்துவதற்குள் கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. கதவின் உட்பக்கத்தில் அந்தப் பள்ளம் இன்றைக்கும் இருக்கிறது. நான் அதை நிமிர்த்தவில்லை.

இதற்காக விங்கே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. எங்கள் கராஜ்களை எனக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டடி அகலம், இருபதடி நீளம். அதற்குள் கார், பனிக்கால ரயர் நாலு, பிள்ளைகளின் சைக்கிள், ஊரிலிருந்து யாராவது வருவார்கள் என்று எடுத்துவைத்த மெத்தை. தனி றவுட்டர் மேசை என்றால் அதற்கும் ஒரு இடம், அதைச் சுற்றி ஆள் நிற்க ஒரு இடம். மேசைவாளைச் சுற்றி எப்படியும் வெளி விட்டுத்தான் ஆகவேண்டும். நீளப்பலகை அறுப்பவருக்கு முன்னும் பின்னும் வழி தேவை. அந்த வெளியையே றவுட்டரும் பயன்படுத்திக்கொள்கிறது. பெரிய தட்டையான மேசையும் சேர்ந்து கிடைக்கிறது. அலுமாரிக் கதவைப் படுக்கவைத்து ஓட்டும்போது அதன் அருமை தெரியும்.

எல்லா வாளுக்கும் இது பொருந்தாது. மடக்கு ஸ்ராண்டில் நிற்கும், அலுமினிய மேசை வைத்த சிறிய வாள்களில் செய்யாதீர்கள். அவை தூக்கிக்கொண்டு திரிவதற்காகச் செய்தவை. பெரிய றவுட்டர் ஒன்றே பன்னிரண்டு முதல் பதினைந்து இறாத்தல் வரும், அதை ஏற்றி இறக்கும் லிஃப்ற் பூட்டினால் பாரம் இன்னும் ஏறும். ஒரு பக்கம் அவ்வளவு தொங்கினால் வாள் சரியும். வார்ப்பிரும்பு மேசை வேண்டும். பழையதாக வாங்குவதென்றால் நல்லவை இன்னும் வருகின்றன. எங்கள் ஒன்ராறியோவிலேயே, குவெல்ஃப் நகரில் பீவர் என்ற பெயரில் மரவேலை இயந்திரங்கள் செய்தார்கள். பிறகு அது றொக்வெல் கைக்கு மாறியது. வயதானவர்கள் வீடு விற்கும்போது அப்படி ஒன்று கண்ணில் பட்டால், துருவைப் பார்த்து விலகிப் போகாதீர்கள். மேசை வெடிக்காமலும் வளையாமலும் இருந்தால், துரு ஒரு பின்னேர வேலை.

வழக்கமான பத்து அங்குல வாளின் மேசை முன்பின்னாக 27 அங்குலம் இருக்கும். அதோடு வரும் தகர விங் பத்து அங்குல அகலம். இங்கே பரவலாகக் கிடைக்கும் றவுட்டர் தட்டு ஒன்பதேகாலுக்குப் பதினொன்றேமுக்கால் அங்குலம். பத்து அங்குலத்துக்குள் ஒன்பதேகாலை வெட்டினால் என்ன மிஞ்சும்? அதனால் தகர விங்கில் கைவைக்காமல் அதைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். அந்த இடத்தில் 18 அல்லது 20 அங்குல அகலத்தில் புதிதாக ஒன்று செய்யுங்கள். ஃபென்ஸ் ஓடும் முன், பின் றெயில்கள் அவ்வளவு தூரம் நீண்டிருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். றவுட்டருக்கென்றே வார்த்த இரும்பு விங்குகளும் விற்கிறார்கள். நல்லவைதான், விலையும் பாரமும் அதிகம். கையால் செய்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

முக்கால் அங்குல எம்டிஎஃப் அல்லது பேர்ச் பிளைவூட் இரண்டை முகத்தோடு முகம் பசை பூசி ஒட்டுங்கள். ஒட்டும்போது அடியில் இருக்கும் மேசை மட்டமாக இருக்கவேண்டும். வளைந்த தரையில் ஒட்டினால் வளைவு உள்ளேயே தங்கிவிடும். ஃபோர்மைக்காவை மேலே மட்டும் ஒட்டாமல் கீழேயும் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்திருந்தால், திறந்த பக்கம் ஈரத்தை இழுத்துப் பலகை கிண்ணம்போல் வளையும். எங்கள் கராஜில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கார் கொண்டுவரும் உப்புப் பனி உருகித் தரை முழுக்கத் தண்ணீர், மார்ச்சில் திடீரென்று வெயில் வந்தால் குளிர்ந்த இரும்பு வியர்க்கும். நாலு விளிம்பிலும் மேப்பிள் சட்டம் அடியுங்கள். வாளோடு சேரும் பக்கத்துச் சட்டத்தின் வழியாகத்தான் போல்ற் போகும், எம்டிஎஃப் விளிம்பு அதைத் தாங்காது. வார்ப்பிரும்பு மேசையின் பக்கத்தில் தகர விங் இருந்த துளைகள் ஏற்கனவே உண்டு, அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் போடும் துளையைப் போல்ற்றைவிடச் சற்றுப் பெரிதாகப் போட்டு, அகன்ற வொஷர் வையுங்கள். மேலே கீழே அசைக்க அந்த இடைவெளி வேண்டும்.

மட்டம் பிடிப்பதில்தான் ஆட்கள் பொறுமை இழக்கிறார்கள். நாலடி நீளமான நேர்க்கோலை வாள்மேசைக்கும் விங்குக்கும் குறுக்காக வையுங்கள். முன்னால் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, பிறகு மூலைக்கு மூலை. அடியில் வெளிச்சம் தெரிகிற இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். சேரும் இடம் மட்டமாக இருந்து வெளிநுனி தாழ்ந்திருந்தால், சேரும் முகத்தின் கீழ்ப்பாதியில் மாஸ்கிங் ரேப் ஒட்டுங்கள். நுனி மேலே எழும். நுனி உயர்ந்திருந்தால் மேற்பாதியில் ஒட்டுங்கள். ஒரு பட்டை ஒட்டி, இறுக்கி, மறுபடி கோலை வைத்துப் பாருங்கள். எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. வெளிநுனிக்குத் தரையிலிருந்து கால் கொடுக்கப் பார்ப்பீர்கள். உங்கள் வாள் சில்லில் நகர்கிறதென்றால் வேண்டாம். கராஜ் தரை தண்ணீர் ஓடுவதற்காகக் கதவுப் பக்கம் சரிந்திருக்கும். ஒரு இடத்தில் சரியாக நின்ற கால் மற்ற இடத்தில் விங்கைத் தூக்கிவிடும். வாளின் கீழ்ப்பெட்டியிலிருந்து சாய்வாக ஒரு முட்டு கொடுங்கள். அது வாளோடு சேர்ந்து நகரும்.

தட்டுக்கான குழிக்கு அளவு எடுத்துக் கோடு கீற வேண்டியதில்லை. தட்டையே பலகையில் வைத்து, அதைச் சுற்றி நாலு சட்டத்துண்டை இடைவெளி இல்லாமல் நெருக்கி, இருபக்கம் ஒட்டும் ரேப்பால் பிடித்துக்கொள்ளுங்கள். தட்டை எடுத்துவிட்டு, மேலே பேரிங் வைத்த பிட்டால் அந்தச் சட்டத்தின் உட்பக்கமாக ஓடினால், தட்டின் அச்சு அப்படியே இறங்கும். தட்டு முக்கால்வாசி 3/8 அங்குலத் தடிப்பு. குழியை அதைவிட ஒரு மில்லிமீற்றர் கூட ஆழமாக எடுத்து, மூலைகளில் இருக்கும் சிறிய திருகாணிகளால் மேலே தூக்கி மட்டமாக்குங்கள். சுற்றிவர அரை அங்குலப் படி விட்டு, நடுவை ஜிக்சோவால் வெட்டி எடுங்கள். மரம் உள்ளே வரும் பக்கம் தட்டு மயிரிழை உயர்ந்திருந்தாலும் பலகை முட்டி நிற்கும், கை தடுமாறும். காசின் விளிம்பை ஓட்டிப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

ஒரு தடவையில் எவ்வளவு ஆழம் எடுப்பது என்றால், ஊரில் எங்கள் வீட்டுக்கு ஓடாவியார் வேலைக்கு வந்த காலம் நினைவுக்கு வருகிறது. கதவு நிலையில் வரி எடுப்பதற்கு அவரிடம் தனிச் சீவுளி இருந்தது, அடியில் அந்த வரியின் வடிவிலேயே இரும்பு. ஒரு நிலை முழுவதற்கும் அதை இழுத்து இழுத்து எடுப்பார். சுருள் சுருளாக வரும். ஒரேயடியாக ஆழமாக அவர் ஒருநாளும் இழுத்ததில்லை. இன்றைக்கு எங்கள் பிட் செய்வதும் அதே வேலைதான், நிமிடத்துக்கு இருபதாயிரம் தடவை. ஆழத்தை மூன்று நாலு தடவையாகப் பிரித்து எடுங்கள். கடைசித் தடவையை மெல்லியதாக விட்டால் எரிந்த கறுப்பும் வராது.

வேகம் பற்றி ஒரு கணக்கு. ஒரு அங்குலம் வரையுள்ள பிட்டை 24,000 சுற்றில் ஓட்டலாம், அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 115 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். அலுமாரிக் கதவுக்கு நடுப்பலகை எடுக்கும் மூன்றரை அங்குலப் பிட்டை அதே 24,000-இல் விட்டால் விளிம்பு 400 கிலோமீற்றர். அதனால்தான் அதற்கு 12,000-க்கு மேல் போகக்கூடாது என்கிறார்கள். வேகம் மாற்ற முடியாத றவுட்டரில் பெரிய பிட் பூட்டவே வேண்டாம். இணையத்தில் மலிவாக வரும் 12 மில்லிமீற்றர் தண்டுப் பிட்டை அரை அங்குலப் பிடியில் போடாதீர்கள். அரை அங்குலம் 12.7. இறுக்கியதுபோல் தெரியும், ஓடும்போது மெல்ல மேலே ஏறும்.

ஃபென்ஸ் பற்றி ஒரு நல்ல செய்தி. வாளில் அறுக்க ஃபென்ஸ் பிளேட்டுக்கு நேர்சமாந்தரமாக இருந்தே ஆகவேண்டும். றவுட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. பிட் வட்டம், ஃபென்ஸ் எந்தக் கோணத்தில் நின்றாலும் தூரம் ஒன்றுதான். வாள் ஃபென்ஸில் துளை போடாமல், பிளைவூட்டில் ஒரு பெட்டிபோலச் செய்து அதன்மேல் கிளாம்பால் பிடியுங்கள். நடுவில் பிட் மறைய ஒரு வாய், பின்னால் வக்யூம் குழாய்க்கு ஒரு வாய்.

ஆனால் ஒரே ஃபென்ஸை இரண்டு இயந்திரம் பங்குபோடுவதால் வரும் இடைஞ்சல் உண்மையானது. றவுட்டருக்கு நுணுக்கமாக அளவு வைத்திருக்கும்போது ஒரு துண்டு அறுக்க வேண்டி வந்தால் அந்த அளவு போய்விட்டது. அறுப்பதை எல்லாம் முதலில் முடியுங்கள், ஒவ்வொரு அளவிலும் ஒரு துண்டு கூடுதலாக. ஒரே ஒரு வேலைக்கு மட்டும் இந்த ஒழுங்கை மாற்றுங்கள். மெல்லிய வரிச்சட்டம் வேண்டுமென்றால், அகலப் பலகையின் விளிம்பில் றவுட்டரால் வரியை எடுத்துவிட்டு, பிறகு வாளில் அந்த விளிம்பை அறுத்து எடுங்கள். மெல்லிய துண்டைப் பிட்டுக்குக் கிட்டக் கொண்டுபோகும் தேவையே வராது. அன்றைக்கு என் சாமித்தட்டு விளிம்பையும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும்.

வாளில் அறுக்கும்போது பிட் மேசைக்குக் கீழே போயிருக்கட்டும், றவுட்டர் ஓடும்போது பிளேட் கீழே போயிருக்கட்டும். எதில் வேலை செய்யவில்லையோ அதன் பிளக் சுவரில் இருக்கக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். றவுட்டருக்கு வெளியே தனிச் சுவிச் பெட்டி வாங்கி, நீங்கள் நிற்கும் விங் நுனியில், முழங்காலால் தட்டி நிறுத்தக்கூடிய உயரத்தில் பூட்டுங்கள். வாளின் சுவிச்சும் இதுவும் தொடும்போதே வேறு வேறாகத் தெரியவேண்டும். தோலைத் தொட்டதும் நின்றுவிடும் சோஸ்ரொப் வாள் வைத்திருப்பவர்களுக்கு விசேடமாகச் சொல்கிறேன்: அந்தப் பிறேக் பிளேட்டுக்கு மட்டும்தான். அதே மேசையில் ஒன்றரை அடி தள்ளிச் சுற்றும் பிட்டுக்கு உங்கள் விரலைத் தெரியாது.

மின்சாரம்: பெரிய றவுட்டர் 12 முதல் 15 அம்பியர் இழுக்கும். வக்யூமையும் அதே 15 அம்பியர் லைனில் போட்டால் பிறேக்கர் விழும். இரண்டுக்கும் இரண்டு லைன் வேண்டும். கராஜுக்குப் புது வயர் இழுப்பதென்றால், நீங்களே செய்தாலும் ஒன்ராறியோவில் மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்துப் பரிசோதிக்க விடவேண்டும். மச்சான் வந்து ஒரு பின்னேரத்தில் செய்து தருவார் என்று விடாதீர்கள்.

பனி முடிந்து வெயில் வந்ததும் இரும்பைத் துடைத்து மெழுகு போடும்போது, நேர்க்கோலையும் ஒரு தடவை வையுங்கள். இரும்பு அப்படியே இருக்கும், பலகை கொஞ்சம் அசைந்திருக்கும்.

ஏற்கனவே விங் பூட்டிவிட்டதாகத் தம்பி சொன்ன அந்த மூன்று பேரும் அடுத்த தடவை றவுட்டரைப் போடுவதற்கு முன், பிளக்கைக் கழற்றிவிட்டு, பிட் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தட்டின்மேல் ஒரு அம்புக்குறி கீறுங்கள். அழியாத மையால். இன்னும் வெட்டாதவர்கள் வெட்டுவதற்கு முன் எனக்குச் சொல்லுங்கள். ஒன்பதேகாலுக்குப் பதினொன்றேமுக்கால் தட்டுக்கு நான் செய்த அச்சு கராஜ் சுவரில் கொழுவியிருக்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போகலாம், வரும்போது உங்கள் தட்டையும் கொண்டுவாருங்கள். மூலை வளைவு எல்லாத் தட்டிலும் ஒன்றாக இருப்பதில்லை. வெட்டுமுன் வைத்துப் பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்